தீம் ஓட்டலுக்கு எந்த இடம் தாங்கும்? நெல்லைச் சீமைக் கேள்வி பதில்

பெருமாள்புரத்திலிருந்து: அண்ணாச்சி, திண்ணை, கயித்துக் கட்டில், மாட்டுவண்டி எல்லாம் வச்சு கிராமத்து வீடு மாதிரி தீம் ஓட்டல் போடலாம்னு இருக்கோம். எங்க ஏரியாவுல எடுபடுமா?

அங்கே அந்தத் தீம் வேண்டாம் தம்பி. பெருமாள்புரத்தில் குடியிருக்கிற பலருக்குச் சொந்த ஊர் பக்கத்திலேயே இருக்கு. பொங்கலுக்குப் போனா நிஜத் திண்ணையிலேயே உட்காருதாங்க. அதையே நாலுவழிச்சாலையில் போட்டால், சென்னை, பெங்களூர்க் குடும்பம் இறங்கிப் படம் எடுக்கும்.

தீம் ஓர் ஆளை ஒரு தடவைதான் கூட்டிவரும். மறுதடவை அவர் வருவது சாப்பாட்டுக்காக. அதனால் இடத்தைப் பார்க்கும்போதே, மாதாமாதம் புது ஆள் வருகிற இடமா, அதே ஆள் திரும்ப வந்தால்தான் ஓடுகிற இடமா என்று தீர்மானிச்சிருங்க. 1991இல் நியூயார்க்கில் தொடங்கிய பிளானட் ஹாலிவுட் என்ற சினிமா தீம் ஓட்டல், ஊரூராகக் கிளை பரப்பி 1999இல் திவால் மனு போட்டது. சுற்றுலாக்காரர்கள் மாறிக்கொண்டே இருக்கிற அமெரிக்க ஊரான ஓர்லாண்டோவில் அதன் கிளை அதற்குப் பிறகும் நின்றது.

வண்ணார்பேட்டையிலிருந்து: 60 சீட், ரயில் தீம். இன்டீரியருக்கு 30 லட்சம். வாடகை 1 லட்சம், பத்து மாச அட்வான்ஸ் கேக்காங்க. கட்டுமா?

கணக்கைப் போட்டுப் பாருங்க. வாரநாள் 22, தினம் 70 பேர், தலைக்கு 220 ரூபாய் என்றால் 3,38,800. சனி ஞாயிறு 8 நாள், 180 பேர், தலைக்கு 250 என்றால் 3,60,000. ஆக மாதம் 7 லட்சம். இதில் சரக்கு 35 சதவீதம், 2.45 லட்சம். சம்பளம் ஒன்றரை லட்சம். கரண்ட், கேஸ், தண்ணீர் 70,000. மீதி 2.35 லட்சம். வாடகை போனால் 1.35. இன்டீரியர் 30 லட்சத்தை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 83,000. கையில் நிற்பது 52,000தான். அட்வான்ஸையும் சேர்த்து 40 லட்சம் முதலுக்கு வட்டியும் ரிப்பேரும் அதிலிருந்துதான் போகணும். கட்டாது. வாடகை வியாபாரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 70,000க்குப் பேசுங்க, இல்லை இன்டீரியரை 15 லட்சத்துக்குள் நிறுத்துங்க.

அந்த 70 பேர் வருவாங்களா என்பதையும் ஊகத்தில் விடாதீங்க. ஒரு செவ்வாய், ஒரு சனி, இரவு 7 முதல் 10 வரை அந்த வாசலில் ஆளை நிறுத்தி, பக்கத்து மூன்று ஓட்டல்களில் நுழைகிற தலைகளை எண்ணச் சொல்லுங்க. குடும்பம் தனி, தனியாக வரும் ஆண்கள் தனி, பார்சல் தனி. பார்சல்காரர் ரயில் பெட்டியில் உட்காரப்போவதில்லை. செவ்வாய்க்கிழமைக் குடும்பக் கணக்குதான் உங்க அடிப்படை.

அக்ரிமென்ட் மூன்று வருஷத்துக்குக் குறைந்தால் கை வைக்காதீங்க, ஐந்து கேளுங்க. வேலை நடக்கிற இரண்டு மாதத்துக்கு வாடகை இல்லாமல் பேசுங்க. பெட்டி, சீட் எல்லாம் போல்ட் போட்டு நிற்கட்டும். சுவரோடு பூசினால் கட்டடக்காரருக்குத்தான் போகும்.

பாளையங்கோட்டையிலிருந்து: காலேஜ் பக்கம் மாடியில் இடம் சல்லிசா வருது, எடுக்கலாமா?

மாணவர்களை மட்டும் நம்பினால் எடுக்கலாம், தலைக்கு 120, 150க்கு மேல் எதிர்பார்க்காமல். ஏப்ரல், மே கல்லா காலி. லிப்ட் இல்லாவிட்டால் வயசானவங்க இருக்கிற குடும்பம் ஏறாது.

தென்காசியிலிருந்து: குற்றாலத்தில் அருவி, குகை தீம்ல போட்டா சீசன்லயே காசு எடுத்துரலாமே அண்ணாச்சி?

அருவியைப் பார்க்க வந்தவருக்குச் சிமென்ட் அருவி எதுக்கு தம்பி? குளிச்சு நடுங்கி வருகிறவருக்குச் சூடான சாப்பாடும் ஈரத்துணியோடு உட்கார ரெக்சின் போடாத பெஞ்சும் போதும். சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அதிலும் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் அந்த வாரக்கடைசி போச்சு. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வரும், ஆனால் அது முழுக்கச் சைவம். அசைவத்தை மட்டும் வச்சுத் தீம் கட்டினால் இரண்டாவது சீசனைப் பக்கத்துக் கடைக்கு விட்டுக்கொடுத்த மாதிரி. தனிச் சைவச் சமையல்கட்டுக்கு முதலிலேயே இடம் ஒதுக்குங்க. வருஷ வாடகையை ஐந்து மாதத்துக்குள் எடுக்க முடிகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்க.

பணகுடியிலிருந்து: மொட்டை மாடியில் ஓலைக்குடில் தீம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை உங்க ஊர்க் காத்துக்கு இலை நிற்காது, சாப்பாட்டில் மண் விழும். மேற்குப் பக்கம் ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழுப்பினால் யோசிக்கலாம். ஓலைக்குத் தீயணைப்புத் துறையிடம் முன்கூட்டியே கேளுங்க.

கங்கைகொண்டானிலிருந்து: நாலுவழிச்சாலையில் எந்தப் பக்கம் நல்லது?

நல்ல கேள்வி. கன்னியாகுமரி போகிற வண்டி கிழக்குப் பக்கக் கடைக்குத்தான் நேராக நுழையும். சென்னையிலிருந்து ராத்திரி கிளம்பினது இங்கே காலை 8 மணி வாக்கில் வரும். அது டிபன் சாப்பிட்டுட்டு ஓடுகிற கூட்டம், தீம் அலங்காரத்தை ரசிக்க நேரமில்லை. சூரிய உதயம் பார்த்துத் திரும்புகிற வண்டி மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மேற்குப் பக்கம் வரும். பிள்ளைகளோடு ஆறஅமர உட்காரும். தீமுக்கு மேற்கே எடுங்க.

80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். டிரைவர் பார்த்து, வீட்டில் கேட்டு, வேகம் குறைக்கப் பத்து நொடியாவது வேணும். போர்டு 250 மீட்டரிலிருந்தே படிக்கத் தெரியணும், எழுத்து முக்கால் மீட்டர் உயரம். 1 கிலோமீட்டர் முன்னால் இன்னொன்றைப் பட்டா நிலத்தில் வாடகைக்கு நடுங்க. சர்வீஸ் ரோட்டுக்குள் இறங்குகிற வாய் கடைக்கு முன்னால் வருதா, தாண்டி வருதா என்று வண்டி ஓட்டியே பார்த்திருங்க. தாண்டினால் யாரும் திரும்பி வரமாட்டாங்க. தண்ணீர் சீட்டுக்கு தினம் 70 லிட்டர், 60 சீட்டுக்கு 4,200. போர் தண்ணீர் உப்பா என்று அட்வான்ஸ் கொடுக்குமுன் சோதிச்சிருங்க.