சிரித்த மகனும் கைதட்டும் தந்தையும்

கேள்வி: என் மூத்த மகனும் அவனுடைய கல்லூரி நண்பர்களும் சென்ற மாதம் எங்கள் வீட்டில் ‘பனிஷர்: வார் ஸோன்’ என்ற பழைய ஆங்கிலப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். நானும் என் 13 வயது இளைய மகனும் உடன் இருந்தோம். தலைகள் சிதறும்போதெல்லாம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மனைவி பாதியிலேயே எழுந்து போய்விட்டார். குற்றவாளிகளைத் தானே தேடிக் கொல்லும் கதாநாயகன் செய்வது நியாயம்தான். காவல்துறை கைவிட்டுவிட்ட இந்த நாட்டிலும் அப்படி ஒருவன் வந்தால் நான் கைதட்டுவேன். ஆனால் இரத்தத்தைக் கண்டு சிரிக்கும் ஒரு தலைமுறையை எப்படிப் பொறுத்துக்கொள்வது? இத்தகைய படங்களைத் தடைசெய்ய வேண்டாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனின் சிரிப்பைப் பற்றி நீங்கள் வருந்தி எழுதிய வரிகளை எளிதாகக் கடந்துவிட்டேன். எந்த வருத்தமும் இல்லாமல் போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட ஒரு வரியில்தான் நின்றுவிட்டேன். ‘அப்படி ஒருவன் வந்தால் நான் கைதட்டுவேன்’ என்கிறீர்கள். அந்த அறையில் இருந்தவர்களுள் யாருக்காகக் கவலைப்பட வேண்டும் என்று என்னைக் கேட்டால், சிரித்த பிள்ளைகளை நான் சொல்லமாட்டேன்.

முதலில் படத்தைப் பார்ப்போம். லெக்ஸி அலெக்ஸாண்டர் என்ற பெண் இயக்குநர் எடுத்து 2008 டிசம்பரில் வெளியான படம் அது. அவர் கராத்தேயிலும் கிக்பாக்ஸிங்கிலும் பட்டம் வென்றவர் என்பதால் ஓர் அடி எங்கே விழும், எப்படி விழும் என்பதை உடலால் அறிந்தவர். படத்தின் தொடக்கத்திலேயே, குற்றக் கும்பலின் விருந்து மேசைக்கு மேலே தொங்கும் சரவிளக்கில் கதாநாயகன் தலைகீழாகத் தொங்கிச் சுழன்றுகொண்டே இரு கைகளாலும் சுடுகிறான். உடைந்த மூக்கை ஒரு பென்சிலால் நிமிர்த்திக்கொள்கிறான். கட்டடத்துக்குக் கட்டடம் தாவிக் குதிக்கும் ஒரு ரவுடி நடுவானிலேயே ராக்கெட் குண்டு பட்டுச் சிதறுகிறான். கண்ணாடி நொறுக்கும் எந்திரத்தில் விழுந்த வில்லன், தையல் போட்ட முகத்தோடு கூத்துமேடையின் ராஜபார்ட்டைப் போல முழங்கிக்கொண்டே வருகிறான். காட்சிக்குக் காட்சி பச்சையும் சிவப்பும் நீலமுமாக, சித்திரக்கதையின் கட்டங்களுக்கு வண்ணம் தீட்டியதுபோல ஒளி அமைத்திருக்கிறார்கள். இவற்றில் எதையும் உண்மை என்று நம்புமாறு அந்தப் படம் யாரையும் கேட்கவில்லை.

அது வெளிவந்தபோது பார்வையாளர்கள் கைவிட்டார்கள். சுமார் 3.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகம் முழுவதிலும் சுமார் 1 கோடி டாலர்தான் ஈட்டியது. புகழ்பெற்ற விமர்சகர் ரோஜர் ஈபர்ட், தாம் பார்த்த மோசமான படங்களில் இது மிக நன்றாக எடுக்கப்பட்ட ஒன்று என்ற பொருளில் எழுதினார். திரையரங்கில் தோற்ற அந்தப் படத்தைப் பின்னர் நண்பர்கள் கூடி அமர்ந்து ஆரவாரத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். உங்கள் வீட்டில் நடந்ததும் அதுவே. எழுந்து போகிறவர், சிரிக்கிறவர், மெய்ம்மறந்து ஆமோதிக்கிறவர் என்று மூன்று வகையான பார்வையாளர்களை அது உருவாக்குகிறது. மூவரும் உங்கள் வீட்டு வரவேற்பறையிலேயே இருந்திருக்கிறார்கள்.

சிரிப்பை எடுத்துக்கொள்வோம். நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறது. மனிதன் துன்புறுவதைக் கண்டு சிரிப்பது கொடுமை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் உங்கள் பிள்ளைகள் சிரித்தது துன்புறும் மனிதனைக் கண்டு அன்று. துன்பம் என்ற ஒன்றே இல்லாத அளவுக்கு மிகைப்படுத்தப்பட்ட ஒரு வேடத்தைக் கண்டு அவர்கள் சிரித்தார்கள். பொய்யைப் பொய்யென்று அறிந்தவர்களின் சிரிப்பு அது.

இந்த மிகை நமக்குப் புதிதும் அன்று. ஆங்கிலப் படம் என்பதால் வெளியிலிருந்து வந்த நோய் என்று எண்ணிவிடாதீர்கள். 12ஆம் நூற்றாண்டின் கலிங்கத்துப்பரணியில், போர் முடிந்த களத்தில் பேய்கள் கூடிக் கூழ் சமைக்கின்றன. சமைப்பதற்கு முன் ஒடிந்த யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன. செத்து வீழ்ந்த யானையின் விலா எலும்பை எடுத்து நாக்கு வழிக்கின்றன. பிணங்களின் நடுவே பந்தி நடக்கிறது; குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும்கூட மறக்காமல் கூழ் வார்க்கிறார்கள். செயங்கொண்டாரின் அந்தப் பகுதியை வகுப்பில் படித்தபோது நாங்கள் சிரித்தோம். பாடம் நடத்திய ஆசிரியரும் சிரித்தார். நாங்கள் எவரும் கொலைகாரர் ஆகவில்லை. (பரணியின் சிரிப்பு வென்றவரின் பக்கத்திலிருந்து எழும் சிரிப்பு என்ற குறை உண்டு; தோற்ற கலிங்க வீரனின் தாய் அதைக் கேட்டால் என்ன நினைப்பாள் என்று எனக்கு வயதான பிறகுதான் தோன்றியது.) நட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் கொண்டுவந்து, இங்கே ‘சிக்ஸ் ஃபூட்’ நடனம் என்று பெயர் வழங்கும் தெருக்கூத்திலும், துச்சாதனனின் குருதிக்காகக் கூந்தலை விரித்துப்போட்டுக் காத்திருக்கும் திரௌபதியின் கதை நடக்கும் அதே இரவில் கட்டியங்காரனும் வந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பான். அச்சத்தையும் நகையையும் ஒரே பந்தலின் கீழ் அமர்ந்து அனுபவிக்கத் தெரிந்த மக்கள் நாம்.

உங்கள் மனைவி எழுந்து போனதைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். அவர் செய்தது சரி. இளிவரல் என்ற அருவருப்பும், நகையைப் போலவே தொல்காப்பியம் சொல்லும் ஒரு மெய்ப்பாடுதான். அதை உணர்ந்தவர் எழுந்து செல்ல முழு உரிமை பெற்றவர். ‘படம்தானே’ என்று அவரை எவரும் மறித்து உட்கார வைக்கக் கூடாது.

இனி உங்களிடம் வருகிறேன். கதாநாயகன் செய்வது நியாயம் என்கிறீர்கள். ஆனால் நீங்கள் பார்த்த படத்தின் கதை என்ன? கும்பலைக் கொன்று குவிக்கும் அந்த மனிதன், தொடக்கத்திலேயே ஒருவனைத் தவறாகக் கொன்றுவிடுகிறான். குற்றவாளி என்று எண்ணி அவன் கொன்றவர், கும்பலுக்குள் மாறுவேடத்தில் பணியாற்றிய அரசுப் புலனாய்வு அதிகாரி. அவருக்கு மனைவியும் சிறு மகளும் இருக்கிறார்கள். கதாநாயகன் குற்ற உணர்ச்சியால் நொறுங்கி, இந்த வேலையையே விட்டுவிடுவதாக முடிவுசெய்து, அந்தக் கைம்பெண்ணிடம் பணத்தைக் கொண்டுபோய் நீட்டுகிறான். படம் முழுவதும் சிதறும் தலைகளுக்கு நடுவில் உண்மையான வலி இருக்கும் இடம் அது ஒன்றுதான். விசாரணை இல்லாமல் தண்டிப்பவன் என்றாவது ஒருநாள் ஆளை மாற்றிக் கொல்வான் என்பதை, இத்தனை கூத்தடிக்கும் ஒரு படமே ஒப்புக்கொள்கிறது. உங்கள் கடிதத்தில் அந்த அதிகாரியைப் பற்றியோ அவருடைய மகளைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

அந்தப் பாத்திரத்தைப் படைத்தவர்களும் அவனைக் கைதட்டலுக்காகப் படைக்கவில்லை. 1974இல் ஸ்பைடர்மேன் சித்திரக்கதை ஒன்றில், ஸ்பைடர்மேனையே கொல்ல வரும் எதிராளியாகத்தான் அவன் அறிமுகமானான். அவனை எழுதிய ஜெர்ரி கான்வே, அவனுடைய மண்டையோட்டுச் சின்னத்தை அமெரிக்காவில் காவலர்கள் தங்கள் சீருடையிலும் வாகனத்திலும் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியபோது மனம் நொந்து வெளிப்படையாகக் கண்டித்தார். சட்டத்தைக் காக்க வேண்டியவர்கள் சட்டத்துக்குப் புறம்பானவனின் அடையாளத்தைச் சூடிக்கொள்கிறார்களே என்பதே அவருடைய வேதனை. அந்தக் காவலர்கள் அவனைக் கண்டு சிரித்திருந்தால் அதை ஒட்டிக்கொண்டிருக்கமாட்டார்கள்.

‘இந்த நாட்டிலும் அப்படி ஒருவன் வந்தால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வந்திருக்கிறார்கள், ஐயா. 1996 ஆகஸ்டில் கேப்டவுனின் சால்ட் ரிவர் பகுதியில், போதைப்பொருள் கும்பலின் தலைவன் ரஷாத் ஸ்டாகியை ஊர்வலமாக வந்த கூட்டம் சுட்டு, உயிரோடு எரித்தது. புகைப்படக் கருவிகளின் முன்னால் அது நடந்தது. காவல்துறையால் முடியாததை மக்கள் முடித்தார்கள் என்று அன்று பலர் மகிழ்ந்தார்கள். அடுத்த சில ஆண்டுகள் அந்த நகரம் குழாய் வெடிகுண்டுகளுக்கு அஞ்சி வாழ்ந்தது.

நம் வாசலுக்கு இன்னும் அருகில் வருவோம். 2021 ஜூலையை நீங்கள் மறந்திருக்க முடியாது. குவாசுலு-நட்டால், கவுட்டெங் மாகாணங்களில் கலவரத்தில் 350க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நாட்கள் அவை. கடைகளும் கிடங்குகளும் எரிந்தன. அழைத்தால் காவலர்கள் வரவில்லை. ரொட்டிக்கும் பாலுக்கும் வரிசையில் நின்றோம். தெருமுனையில் காவல் நின்றவர்களில் என் உறவினர்களும் உண்டு. அவர்களுடைய அச்சம் உண்மையானது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் டர்பனை ஒட்டி இந்திய வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் பீனிக்ஸில் காவல் என்று தொடங்கியது சில இடங்களில் கொலையாக முடிந்தது. அந்தப் பகுதியில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள். கையில் மட்டையும் துப்பாக்கியும் வைத்திருந்த சிலர், சாலையில் வந்தவரின் தோலின் நிறத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதினார்கள். படத்தில் அந்தக் கைம்பெண்ணின் முன் கதாநாயகன் தலைகுனிந்தாவது நிற்கிறான். இங்கே பிள்ளையை இழந்த தாய்மாரின் முன் நம்மில் எத்தனை பேர் போய் நின்றோம்? அந்த நாட்களில் யாரும் சிரிக்கவில்லை. நியாயம் நம் பக்கம் என்று உறுதியாக நம்பியவர்களின் கைகள்தான் அந்த வேலையைச் செய்தன.

2023-24 என்ற ஒரே ஆண்டில் 27,000க்கும் மேற்பட்ட கொலைகள் பதிவான நாட்டில் உங்களுக்குக் கோபம் வருவது இயல்பு. உங்கள் தெருவில் என்ன நடந்ததோ, எதை இழந்தீர்களோ, நீங்கள் எழுதவில்லை. அந்தக் கோபத்தைக் காவல் நிலையத்திடமும் மாநகராட்சியிடமும் வாக்குச்சாவடியிலும் காட்டுங்கள். இந்தப் பத்திரிகையிலும் எழுதுங்கள், வெட்டாமல் வெளியிடுவேன். ஆனால் சரவிளக்கில் தொங்கும் ஒருவனிடம் அதை ஒப்படைக்காதீர்கள்.

தடையைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. எந்த இனத்தவர் எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்பதைக்கூட அரசாங்கமே முடிவுசெய்த காலத்தில், டர்பனின் கிரே தெருத் திரையரங்குகளில் படம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கத்தரிக்கோலை மறுபடியும் எடுத்துக் கொடுக்க எனக்கு மனமில்லை. 1996ஆம் ஆண்டின் திரைப்பட, வெளியீட்டுச் சட்டத்தின்படி இப்போது வயது வரம்பு குறிக்கிறார்கள். வன்முறை, ஆபாசச் சொல், போதைப்பொருள் என்று எச்சரிக்கை எழுத்துகளும் இடுகிறார்கள். பெற்றோர் படித்துப் பார்ப்பதற்காகவே அவை இருக்கின்றன. அமெரிக்காவில் 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்கக் கூடாது என்று முத்திரையிட்ட ஒரு படத்தின் முன் உங்கள் 13 வயது மகன் கடைசிவரை உட்கார்ந்திருந்தான். அருகிலேயே நீங்களும் உட்கார்ந்திருந்தீர்கள். அவனை எழுப்பி அழைத்துப்போக எந்தத் தணிக்கை வாரியமும் உங்கள் வீட்டுக்குள் வர முடியாது. அவன் சிரித்தானா, அஞ்சினானா, அல்லது உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானா என்றும் நீங்கள் எழுதவில்லை.

ஆகையால் உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். மூத்த மகனிடம் ஏன் சிரித்தான் என்று அமைதியாகக் கேளுங்கள். அந்த அதிகாரியின் மனைவி வரும் காட்சியில் அவனும் அவன் நண்பர்களும் சிரித்தார்களா என்றும் கேளுங்கள். பிறகு, நீங்கள் எந்த இடங்களில் கைதட்ட நினைத்தீர்கள் என்பதை இளைய மகனின் முன்னிலையில் அவனுக்குச் சொல்லுங்கள். மூவரும் பேசியதை எனக்கு எழுதி அனுப்பினால், பெயர் இல்லாமலேயே இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.