பழைய சமையலறையைப் புதுசாக்குவது: கேள்வி பதில்

குழாய், ஒயரிங், புகைக்குழாய், மேடை, அலமாரி, அளவு பற்றிக் கேளுங்கள். கதவுக்கு எந்த நிறம், எந்தக் கம்பெனி நல்லது என்பதெல்லாம் என் பக்கம் இல்லை.

மீனா: வணக்கம் சார். மாடுலர் கேபினெட் வர 6 வாரம் ஆகுமாம். இடிப்பதற்கு முன்பே ஆர்டர் கொடுத்துவிட்டால் நேரம் மிச்சமாகுமே?

பதில்: கொடுக்காதீர்கள். பழைய சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்பது அபூர்வம். தரையோரம் 3,000 மி.மீ. இருக்கிற இடைவெளி மேடை உயரத்தில் 2,985, லாஃப்ட் உயரத்தில் 2,970 என்று குறைந்துகொண்டே போகும். மூன்று உயரத்திலும் அளந்து, இருப்பதிலேயே குறைந்ததைக் கணக்கில் எடுக்க வேண்டும். மூலை சதுரமா என்று பார்க்க, மூலையிலிருந்து ஒரு சுவரில் 90 செ.மீ., மறு சுவரில் 120 செ.மீ. குறித்து, இரண்டு குறிகளுக்கும் குறுக்கே டேப் பிடியுங்கள். 150 வந்தால் சரி. அதற்கு மேல் வந்தால் மூலை விரிந்திருக்கிறது, கீழே வந்தால் குறுகியிருக்கிறது. இடித்துப் பூசும்போது இந்த அளவு மறுபடி மாறும்.

வேலையின் வரிசை இப்படி. என்னென்ன மெஷின் வரப்போகிறது என்று முடிவு செய்து அவற்றின் அளவுத் தாளை மட்டும் கையில் வாங்குங்கள். அதை வைத்துப் படம் போடுங்கள். அடுத்து இடிப்பு, சுவர், பீம். அடுத்து தண்ணீர், கழிவு, கேஸ், ஒயரிங் பைப்புகளும் புகைக்குழாய்க்கான ஓட்டையும். சுவரை மூடும் முன் தண்ணீர்க் குழாயில் அழுத்தம் ஏற்றிச் சோதித்தே ஆக வேண்டும். அப்போதே டேப்பைச் சுவரில் பிடித்தபடி ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள். பின்னால் டிரில் போடுபவர் குழாயில் ஓட்டை போடாமல் இருப்பார். பிறகு பூச்சும் தரையும். அதன் பிறகே கேபினெட்டுக்கு அளவு. கீழ் அலமாரிகள் ரசமட்டம் பார்த்து நின்ற பிறகு மேடைக் கல்லுக்கு அளவு. கல் உட்கார்ந்த பிறகு பின்சுவர் டைல்ஸ்.

சுவரோரம் 30 முதல் 50 மி.மீ. வரை, சந்தை மூடும் ஃபில்லர் பட்டைக்கு இடம் விடச் சொல்லுங்கள். விடாவிட்டால் ஓரத்து இழுப்பறை சன்னல் சட்டத்தில் இடித்துப் பாதியில் நிற்கும். பூச்சு முடியாமல் எடுத்த அளவு அளவே இல்லை. இதைக் கீழேயும் சொல்வேன்.

இக்பால்: சிங்க் குழாயில் தண்ணீர் நூல்போல வருகிறது. 40 வருட ஜி.ஐ. பைப். குழாயை மாற்றினால் போதுமா? சிங்க்கை 3 மீட்டர் தள்ளி வைக்கவும் எண்ணம்.

பதில்: போதாது. ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், உள்ளே துருவேறித் துவாரம் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கும். ஒரு துண்டை மட்டும் மாற்றினால் உதிர்ந்த துரு புதுக் குழாயின் வாயில் வந்து அடைக்கும். மெயினிலிருந்து சமையலறை வரை முழு லைனையும் மாற்றுங்கள். வழியில் எங்காவது ஜி.ஐ.யும் செம்பும் சந்திக்க வேண்டியிருந்தால் நேரடியாக இணைக்கக் கூடாது, இரும்பு சீக்கிரம் அரித்துவிடும். இரண்டையும் பிரிக்கும் டைஎலக்ட்ரிக் யூனியன் போடச் சொல்லுங்கள்.

சிங்க்கை நகர்த்துவதுதான் பெரிய விஷயம். கழிவுக் குழாய்க்கு மீட்டருக்கு 25 மி.மீ. சரிவு வைத்தால் 3 மீட்டருக்கு 75 மி.மீ. இறங்க வேண்டும். அந்த இறக்கம் தரைக்குள் கிடைக்குமா, அலமாரிக்குப் பின்னால்தான் ஓடுமா என்று முதலில் பாருங்கள். நீண்ட குழாய்க்குக் காற்றுக் குழாய் இல்லாவிட்டால், சிங்க் தொட்டி ஒரேயடியாகக் காலியாகும்போது, அதன் அடியில் வளைந்திருக்கும் டிராப்பில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகும். அதன் பிறகு சாக்கடை வாடைதான். சோதிப்பது சுலபம்: தொட்டியை விளிம்பு வரை நிரப்பி அடைப்பானைப் பிடுங்குங்கள். கடைசியில் நீளமாகக் 'களக் களக்' சத்தம் வந்தால் காற்று போதவில்லை.

கலா: பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாமா?

பதில்: நிபந்தனையோடு ஒட்டலாம். ஒவ்வொரு டைலையும் ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். அங்கங்கே ஒன்றிரண்டு, உள்ளே காலி என்பதுபோல் சத்தம் கொடுத்தால் அவற்றை மட்டும் எடுத்துச் சமன் செய்யலாம். வரிசையாகக் கொடுத்தால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டியதுதான். பழைய எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகக் கழுவி, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த டைல் பசையில் ஒட்ட வேண்டும். வெறும் சிமெண்ட் பாலில் ஒட்டினால் விழும்.

சுவர் 10 முதல் 15 மி.மீ. வரை தடிக்கும். சுவிட்ச் பெட்டிகள் உள்வாங்கிப் போகும், நீட்டிப்பு வளையம் தேவைப்படும். தரையில் என்றால் இன்னும் கவனம். பாத்திரம் கழுவும் மெஷினைப் பழைய தரையில் நிறுத்திவிட்டு முன்னால் மட்டும் புதுத் தரை போட்டால், பழுது வந்த அன்று மேடைக் கல்லைத் தூக்காமல் மெஷினை வெளியே எடுக்க முடியாது.

பாஸ்கர்: மேடை உயரம் 85 செ.மீ.யா 90ஆ?

பதில்: அதிகம் சமைப்பவர் செருப்போடோ இல்லாமலோ, வழக்கமாக நிற்கிறபடி நிற்கட்டும். முழங்கையை மடக்கி, தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து 10 முதல் 15 செ.மீ. வரை கழியுங்கள். அடுப்பு இருக்கும் இடம் இதைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கலாம், பாத்திரத்தின் உயரம் அதன் மேல் சேருமே. சிங்க்குக்கு நேர்மாறு: கை வேலை செய்வது தொட்டியின் அடியில், அதனால் அது சற்று உயர்ந்தாலும் நல்லதே. பழைய சிமெண்ட் மேடைகளில் கால்விரலுக்கு இடமே இருக்காது, உடம்பு பின்னால் நின்று முதுகு வளையும். அடியில் 10 செ.மீ. உயரம், 7 செ.மீ. உள்வாங்கல் விடுங்கள்.

தேன்மொழி: சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுச் சுவரை எடுத்துவிட்டு ஓபன் கிச்சன் ஆக்க ஆசை சார். படம் இணைத்திருக்கிறேன். இது பாரம் தாங்கும் சுவரா?

பதில்: படம் பார்த்துச் சொல்ல மாட்டேன்மா, யாரும் சொல்லக் கூடாது. தட்டிப் பார்த்தும் தெரியாது. மாடியில் அதே கோட்டில் சுவர் இருக்கிறதா, கூரையின் பாரம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும். பீம் போடச் சொன்னால், அதன் இரு முனைகளும் உட்காரும் இடம் தாங்குமா என்றும் அவரே சொல்ல வேண்டும். அது இருக்கட்டும், சுவரை எடுக்கத்தான் வேண்டுமா?

ஜோசப்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மூடிய சமையலறை என்பதே பழைய காலத்து ஏற்பாடு. சமைப்பவரை ஒதுக்கி வைக்கிறது. இன்றைய வடிவமைப்பு எல்லாம் திறந்ததுதான். நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள்?

பதில்: மூடியது பழசு, திறந்தது புதுசு என்ற கணக்கு சரியில்லை. ஒரே கூடத்தில் சமைத்து, உண்டு, படுத்த வீடுகள்தான் அதைவிடப் பழசு. சின்னதாக மூடிய சமையலறை அதன் காலத்தில் புதுமை. வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயில் உணவுப் பெட்டியின் சமையலறைதான் முன்மாதிரி. எத்தனை அடி நடக்கிறார்கள், எத்தனை தடவை குனிகிறார்கள் என்று பார்த்துப் போட்ட திட்டம் அது. சுமார் 10,000 வீடுகளில் கட்டினார்கள். வசிக்கும் அறைக்குப் போக ஒரு தள்ளு கதவும் வைத்தார்கள், குழந்தைகள் மேல் ஒரு கண் இருக்கட்டும் என்று. அதே சமையலறை பெண்ணைத் தனியாக அடைத்துவிட்டது என்று பிற்காலத்தில் விமர்சிக்கப்பட்டதும் உண்மை. அந்த அளவுக்கு உங்கள் பேச்சில் நியாயம் உண்டு.

ஆனால் சுவர் போனது ரசனை மாறியதால் மட்டும் இல்லை. கரிப்புகை போய் கேஸும் மின்சாரமும் வந்தன, புகையை இழுத்து வெளியே தள்ள மோட்டார் வந்தது, அதனால் சுவரை எடுக்க முடிந்தது. அந்த ஏற்பாடு இல்லாத பழைய வீட்டில் சுவரை மட்டும் எடுத்தால் எண்ணெய்ப் பிசுக்கு சோபாவில் படியும்.

ஜோசப்: அதற்குத்தானே சிம்னி? குழாயே தேவைப்படாத, கார்பன் ஃபில்டர் போட்ட மாடல் கிடைக்கிறது. சுவரையும் உடைக்க வேண்டாம்.

பதில்: அது எண்ணெயில் ஒரு பகுதியையும் வாடையில் ஒரு பகுதியையும் பிடிக்கும். ஈரத்தைப் பிடிக்காது, கேஸ் எரிவதால் வரும் கார்பன் மோனாக்சைடையும் பிடிக்காது. அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிற பெட்டி அது. கணக்கையும் பாருங்கள். 3 × 3 மீட்டர் அறை, 2.7 மீட்டர் உயரம் என்றால் 24 கன மீட்டர். மணிக்குப் பத்து தடவை காற்று மாற 240 கன மீட்டர் போதும். சுவரை எடுத்து ஹாலைச் சேர்த்தால் அந்த 24 கன மீட்டர் இடம் 90, 100 கன மீட்டர் ஆகிவிடும். அதே மெஷின் தடுமாறும்.

தேன்மொழி: வெளியே தள்ளும் வகையே போடுகிறேன் சார். எதைக் கவனிக்கணும்?

பதில்: மெஷினின் வாய் 150 மி.மீ. என்றால் கடைசி வரை 150. நடுவில் 100க்குச் சுருக்கினால் சத்தம் கூடும், இழுப்பு குறையும். மடிப்புகள் நெளிந்த ஃபாயில் குழாயில் எண்ணெய் தங்கும், வழவழப்பான உலோகக் குழாய் போடுங்கள். இரண்டு வளைவுக்கு மேல் வேண்டாம். அடுப்புக்கும் மெஷினுக்கும் இடைவெளி கேஸ் என்றால் பெரும்பாலும் 65 முதல் 75 செ.மீ.; மெஷினோடு வரும் தாளில் உள்ளதே கடைசி வார்த்தை.

வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி வேண்டும். எல்லா சன்னலையும் இறுக மூடிவிட்டுச் சக்தியுள்ள சிம்னியை ஓட்டினால், பக்கத்தில் புகைக்குழாய் வைத்த கேஸ் கீசர் இருந்தால் அதன் புகை திரும்பி வீட்டுக்குள் வரும். உயிர் போகிற விஷயம். சுவரை எடுப்பதற்கு முன் இதைப் பார்த்தாக வேண்டும்.

பாஸ்கர்: அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் முக்கோண விதி இன்னும் செல்லுபடியாகுமா?

பதில்: ஒருவர் மட்டும் சமைக்கும் சமையலறைக்கு ஆகும். 1940களில் இலினாய் பல்கலைக்கழகத்தில் உருவான விதி அது. ஒவ்வொரு பக்கமும் 1.2 முதல் 2.7 மீட்டர், மூன்றும் சேர்ந்து சுமார் 8 மீட்டருக்குள். இரண்டு பேர் சமைத்தால், மைக்ரோவேவும் பாத்திர மெஷினும் சேர்ந்தால் முக்கோணம் குழம்பிவிடும். அப்போது கழுவ, நறுக்க, சமைக்க என்று இடங்களைப் பிரியுங்கள். சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவே 90 செ.மீ. காலி மேடை கிடைத்தால் மற்றதெல்லாம் தானாக அமையும். எதிரெதிர் மேடைகளுக்கு நடுவே ஒருவருக்கு 105, இருவருக்கு 120 செ.மீ.

ரகு: தரை டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டலாமா?

பதில்: கலாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ரகு: அது சுவருக்கு. நான் கேட்பது தரைக்கு.

பதில்: அதிலேயே கடைசிப் பத்தி தரைதான்.

நஸ்ரீன்: இண்டக்‌ஷன் அடுப்பு பதிக்கப் போகிறோம். பழைய பிளக்கிலேயே மாட்டலாமா?

பதில்: ஒற்றை அடுப்பு, 2 கிலோவாட் என்றால் எர்த் உள்ள நல்ல பிளக் தாங்கும். நான்கு வாய் அடுப்பு 7.2 கிலோவாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 31 ஆம்பியர். அதற்கு மெயின் போர்டிலிருந்தே தனி லைன், 6 சதுர மி.மீ. செம்பு ஒயர், தனி பிரேக்கர், 30 மில்லிஆம்பியர் மின்கசிவுப் பாதுகாப்பு என்பது வழக்கம். தூரத்தைப் பொறுத்து ஒயரின் அளவை எலக்ட்ரீஷியன் கணக்குப் போடட்டும். துணி சுற்றிய ஒயரோ அலுமினிய ஒயரோ தென்பட்டால் இண்டக்‌ஷனை மறந்துவிட்டு முதலில் ஒயரிங்கை மாற்றுங்கள். உள்ளடங்கிய மெஷின்களின் பிளக்கை மெஷினுக்குப் பின்னால் வைக்காமல் பக்கத்து அலமாரிக்குள் வையுங்கள்.

இக்பால்: சிங்க் அலமாரிக்கு எம்.டி.எஃப். போதுமா அண்ணே?

பதில்: மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த அந்தப் பலகை வேண்டாம். நீர் தாங்கும் பிளைவுட் போடுங்கள். அதிலும் குழாய்க்காக ஓட்டை போட்ட விளிம்பை அப்படியே விட்டுவிடுவார்கள், ஊறல் ஆரம்பிப்பது அங்கேதான். வெட்டிய ஒவ்வொரு விளிம்பிலும் சிலிகான் தடவச் சொல்லுங்கள். கதவு வைத்த ஆழமான அலமாரியைவிட முழுதாக வெளியே வரும் இழுப்பறை நல்லது. குனிந்து தேடுகிற வேலை மிச்சம்.

மீனா: மேடைக்கு குவார்ட்ஸா கிரானைட்டா சார்?

பதில்: சூடான பாத்திரத்தை அப்படியே இறக்கும் பழக்கம் இருந்தால் கிரானைட். குவார்ட்ஸில் பிசின் இருக்கிறது, சூட்டில் நிறம் மாறும், சில சமயம் விரிசலும் விடும். இன்னொன்று, குவார்ட்ஸ் தூசியில் சிலிக்கா அதிகம், வெட்டுபவரின் நுரையீரலைக் கெடுக்கும். ஆஸ்திரேலியா இந்தக் காரணத்துக்காகவே 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்தது. எந்தக் கல்லானாலும் வீட்டுக்குள் உலர்வாக வெட்ட விடாதீர்கள்.

செல்வம்: பழைய பெயின்டைச் சுரண்டித் தேய்த்துவிட்டு அடிக்கலாமா? டைல்ஸ் மேல் டைல்ஸும் ஒட்டலாமா?

பதில்: முதல் கேள்விக்கு: பெயின்டில் ஈயமும் பழைய கூரைத் தகட்டிலும் தரைத் தகட்டிலும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். சோதிக்காமல் உலர் தேய்ப்பு கூடாது, உடைக்கவும் கூடாது. இரண்டாவதற்கு: மேலே, மேலே, மேலே.

கலா: கேஸ் கசிவு அலாரம் எங்கே மாட்டுவது?

பதில்: சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோரம். குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு லேசானது, கூரையோரம்.

ஜோசப்: சரி, முழுச் சுவரை எடுக்கவில்லை. நடுவில் அகலமாகத் திறந்து கண்ணாடித் தள்ளு கதவு வைத்தால்?

பதில்: இதற்கு நான் எதிரி இல்லை. புகை வரும்போது மூடலாம், மற்ற நேரம் திறந்திருக்கும். திறப்புக்கு மேல் சுவரின் பாரத்தைத் தாங்கும் லிண்டல் வேண்டும், அதையும் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். கதவை மேல் ரெயிலில் தொங்கவிடுங்கள். தரையில் பள்ளம் வெட்டினால் எண்ணெயும் தூசியும் சேர்ந்து உருளை சிக்கிக்கொள்ளும். கீழே ஆடாமல் இருக்க ஒரு சிறு வழிகாட்டிக் கட்டை போதும். டஃபன்டு கண்ணாடியை, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடியை, வந்த பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, கைப்பிடி ஓட்டை வரை எல்லா அளவும் முன்பே போக வேண்டும். அதனால் பூச்சு காயட்டும், பிறகு டேப்பை எடுங்கள்.