தும்மல் குளிசையும் தூக்கமும்

கேள்வி: நான் திருகோணமலையில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறேன். தூசியால் வரும் தும்மலுக்குக் குளோர்பெனிரமின் குளிசை போட்டால் கண் சொக்குகிறது. வேறு வழி உண்டா? (வாசகர், நிலாவெளி)

பதில்: ஒவ்வாமையின்போது சுரக்கும் ஹிஸ்டமினின் செயலைத் தடுத்துத் தும்மலை அடக்கும் இம்மருந்து, மூளைக்குள்ளும் எளிதில் புகுந்து, நம்மை விழிப்பாக வைத்திருக்கும் அதே ஹிஸ்டமினை அங்கும் தடுப்பதால்தான் தூக்கம் வருகிறது. ஆகவே அதைப் போட்டுக்கொண்டு தயவுசெய்து வண்டி ஓட்டாதீர்கள். இரவில் போட்டாலும் மறுநாட்காலை மந்தம் நீடிக்கலாம். மூளைக்குள் மிகக் குறைவாகவே செல்லும் லொராடடின், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. ஈரல் நோய் இருந்தால் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். இதே வகைக் குளிசையான செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். இறாலோ கணவாயோ உண்டபின் முகம் வீங்கி மூச்சுத் திணறினால் மட்டும் எந்தக் குளிசையையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். அது உயிராபத்தான ஒவ்வாமை; அதற்கு அட்ரினலின் ஊசியே மருந்து என்பதால், உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.