கேள்வி – பதில்: ‘எது’ என்று கேட்காதீர்கள், ‘எத்தனை’ என்று கேளுங்கள்

கேள்வி: 2019-ல் பணம் சிக்கியதால் எங்கள் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்ட் 5-ந் தேதி தனியாக நடந்தது. ‘பணம் வாங்கினீங்களா?’ என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆப்பிரிக்கத் தேர்தல்களை ஆராய்கிறவர்கள் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எங்கள் கல்லூரி மாணவர்கள் செய்யலாமா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். கென்யாவில் அரசியல் அறிஞர் எரிக் கிராமன் பயன்படுத்திய பட்டியல் முறை இதற்குப் பொருத்தம்.

ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு நான்கு வரி அட்டை: வேட்பாளர் தெருவுக்கு வந்தார், பொதுக்கூட்டம் கேட்டேன், டிவியில் விவாதம் பார்த்தேன், மாநாட்டுக்கு வெளியூர் போனேன். மறு பாதிக்கு இந்த நான்கோடு ‘ஓட்டுக்குப் பணமோ பொருளோ கொடுத்தார்கள்’ என்ற வரியும் சேரும். மனதுக்குள் எண்ணி எண்ணிக்கையை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். சராசரி ஒரு பக்கம் 1.6, மறு பக்கம் 1.9 என்று வந்தால் வித்தியாசம் 0.3. நூற்றுக்குச் சுமார் 30 பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள். யாருக்கு என்பது உங்களுக்கும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் உண்மை வருகிறது.

பெரும்பாலும் கெடுவது அட்டையில்தான். நான்கும் எல்லாருக்கும் நடக்கிற விஷயமாக இருந்தால் ‘ஐந்து’ என்று சொல்கிறவர் மாட்டிக்கொள்வார். பிறகு அவர் குறைத்துத்தான் சொல்வார். அதனால் வெளியூர் மாநாடு மாதிரி அபூர்வமான ஒன்று கட்டாயம் வேண்டும். எந்த வீட்டுக்கு எந்த அட்டை என்பதைப் புறப்படும் முன்பே கலைத்து அடுக்கிவிடுங்கள். வாசலில் முகத்தைப் பார்த்து எடுக்கக்கூடாது. பக்கத்தில் தெருக்காரர் நின்றால் பேட்டியைத் தள்ளிப்போடுங்கள்.

ஆள் கணக்கில் கஞ்சம் வேண்டாம். ஒரு பாதிக்கு 100 பேர் என்றால் பிழை கூடவோ குறையவோ 28 சதவீதப் புள்ளி வரை போகும். 30 என்ற விடைக்கு மதிப்பே இல்லை. ஒரு பாதிக்கு 600 பேர் என்றால் பிழை சுமார் 11.

இன்னொன்று. ஓட்டு ரகசியம் என்று தெரிந்தும் ஏன் கொடுக்கிறார்கள்? ‘இவர் கை நீளும், நாளைக்கும் செய்வார்’ என்ற நம்பிக்கையை உண்டாக்கத்தான் என்பது கிராமன் வாதம். எங்களுக்கும் அது சரியாகவே படுகிறது. அந்த நம்பிக்கையைப் பற்றியும் ஒரு கேள்வி சேருங்கள்.

கேள்வி: சாதி ஓட்டு மாறவே மாறாது என்கிறார்கள். ஆப்பிரிக்காவில் இனக்குழு ஓட்டும் அப்படித்தானா?
— வாசகர், ஆம்பூர்

பதில்: இல்லை. செவா, தும்புக்கா என்ற இரண்டு இனக்குழுக்கள் மலாவி, சாம்பியா என்ற பக்கத்து நாடுகள் இரண்டிலும் வாழ்கின்றன. நடுவில் வெள்ளைக்காரன் போட்ட எல்லைக்கோடு. எல்லைக்கு இரு பக்கமும் உள்ள ஊர்களில் அரசியல் அறிஞர் டேனியல் போஸ்னர் விசாரித்து 2004-ல் எழுதினார். மலாவியில் இருவரும் எதிரெதிர். மற்றவருக்கு ஓட்டுப் போடவும் பெண் கொடுக்கவும் தயக்கம். சாம்பியாவில் இருவரும் ‘கிழக்கத்தியர்’ என்று ஒரே அணி. மலாவியில் ஒவ்வொரு குழுவும் ஒரு கட்சியைத் தாங்கும் அளவுக்குப் பெரிது. சாம்பியாவில் இரண்டுமே சிறிது, தனித்து நின்றால் எடுபடாது.

காட்பாடி தாண்டி, கிறிஸ்டியான்பேட்டையில் ஆந்திர எல்லையில் இதே மாதிரி ஆய்வு செய்ய ஆசை வரும். அங்கே எல்லையோடு ஆட்சிமொழியும் கட்சிகளும் சேர்ந்தே மாறுகின்றன. வித்தியாசம் வந்தால் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாமல் போகும்.