விண்டோஸ் 8-க்கு எழுந்த எதிர்ப்பு வெறும் பழக்க தோஷமா?

விண்டோஸ் 8 வெளிவந்த காலத்தில் அதன் மீது எழுந்த எதிர்ப்பு, பழகியதைக் கைவிட மறுக்கும் மனநிலையால் மட்டும் வந்ததா, அல்லது அந்த வடிவமைப்பிலேயே குறை இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். குறை இருந்தது என்பதுதான் என் கருத்து. ஆனால் அன்று பலரும் சுட்டிக்காட்டிய இடத்தில் அது இல்லை என்றும் நினைக்கிறேன்.

நான் 2003 முதல் 2016 வரை ஒரு சிறு நகரத்துக் கணினிப் பயிற்சி மையத்தில் அடிப்படை வகுப்புகள் எடுத்தவன். நிரல் எழுதுவோருக்கான வகுப்புகள் அல்ல. கடைக் கணக்கு எழுதுபவர்கள், தட்டச்சுத் தேர்வு முடித்துவிட்டு வேலை தேடுபவர்கள், பணி ஓய்வுக்குப் பிறகு வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு மின்னஞ்சல் அனுப்பக் கற்றுக்கொள்ள வருபவர்கள் ஆகியோருக்கான வகுப்புகள். என் பாடக்குறிப்பின் முதல் வரி பல ஆண்டுகளாக மாறவே இல்லை: "திரையின் இடது கீழ் மூலையைப் பாருங்கள்." விண்டோஸின் முந்தைய பதிப்பான எக்ஸ்பியில் பச்சை நிறத்தில் இருந்த ஸ்டார்ட் பொத்தான், அடுத்த பதிப்பான விஸ்டாவில் உருண்டையானது, விண்டோஸ் 7-இலும் உருண்டையாகவே தொடர்ந்தது. நிறமும் வடிவமும் மாறினாலும் மூலை மாறவில்லை. 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95-உடன் வந்து குடியேறிய பொத்தான் அது. கணினியைத் தொட்டே பார்த்திராத ஒருவரிடம்கூட, விரலை நீட்டி, "இதோ, இங்கிருந்துதான் எல்லாம் தொடங்கும்" என்று காட்டிவிட முடிந்தது.

2011 செப்டம்பரில் நிரலாளர்களுக்காக வெளியான முன்னோட்டப் பதிப்பில் அந்தப் பொத்தான் இருந்தது. அழுத்தினால், செயலிகளைப் பட்டியலிடும் பழைய ஸ்டார்ட் மெனுவுக்குப் பதிலாக, டைல்கள் எனப்பட்ட வண்ணக் கட்டங்கள் முழுத்திரையில் விரிந்தன. இதற்கு ஸ்டார்ட் திரை என்று பெயர். 2012 பிப்ரவரி 29 அன்று பொதுமக்களுக்கான முன்னோட்டம் வந்தபோது பொத்தானே எடுக்கப்பட்டிருந்தது. அதே நிலையில்தான் அவ்வாண்டு அக்டோபர் 26 அன்று விண்டோஸ் 8 விற்பனைக்கு வந்தது. மூலை மட்டும் மிஞ்சியது. மவுஸை அங்கே கொண்டுபோனால் ஒரு சிறு படம் தலைகாட்டும். கொண்டுபோக வேண்டும் என்று தெரியாதவருக்கு அது தலைகாட்டாது. வலப்பக்க மூலைகளில் ஒன்றுக்குப் போனால் சார்ம்ஸ் எனப்பட்ட பட்டை வெளிவரும். கணினியை அணைக்க, அந்தப் பட்டையை வரவழைத்து, அதில் செட்டிங்ஸை அழுத்தி, அதற்குள் பவரைத் திறந்து, அதன் பிறகு ஷட் டவுனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டார்ட் திரையிலிருந்து திறந்த செயலியை மூடுவதற்கு வலது மேல் மூலையில் பெருக்கல் குறி கிடையாது. திரையின் மேல் விளிம்பைப் பிடித்துக் கீழ் விளிம்பு வரை இழுத்துவிட வேண்டும். இவை எதற்கும் திரையில் ஓர் அடையாளம்கூட இல்லை. முதன்முறை உள்நுழையும்போது, மவுஸை ஏதேனும் ஒரு மூலைக்கு நகர்த்துங்கள் என்று ஒரு சிறு அசைபடம் ஓடும். சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

என் வகுப்புக்கு வந்திருந்த, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "தம்பி, புத்தகத்தில் இல்லாததைக் கேள்வித்தாளில் கேட்டால் பையன் என்ன செய்வான்?" என்றார். இத்தனை ஆண்டுகளில் விண்டோஸ் 8 பற்றி நான் படித்த நீண்ட விமர்சனங்கள் பலவற்றைவிட அந்த ஒரு கேள்வி விஷயத்தின் மையத்தைத் தொட்டது என்று இன்றும் நினைக்கிறேன். எதிர்ப்பாளர்கள் பொத்தான் போனதற்காக வருந்தினார்கள். ஆதரவாளர்கள், ஒரு பொத்தானுக்காக இவ்வளவு கூச்சலா என்று கேட்டார்கள். போனது பொத்தான் மட்டும் அல்ல, கண்ணால் கண்டு பிடித்துக்கொள்ளலாம் என்ற உறுதியும்தான். அதுவரை திரையில் இருப்பதைப் பார்த்தே வழியைக் கண்டுகொள்ள முடிந்தது. இப்போது யாராவது சொன்னால்தான் தெரியும் என்றானது.

மைக்ரோசாஃப்ட் இதை ஏன் செய்தது என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 2010 ஏப்ரலில் ஐபேட் விற்பனைக்கு வந்தது. கணினி என்றால் மேசையின் மீது இருப்பது என்ற எண்ணம் ஆட்டம் கண்டது. விண்டோஸ் பிரிவுக்குத் தலைமை வகித்த ஸ்டீவன் சினோஃப்ஸ்கி, டேப்லெட்டுக்கு ஒன்று, மேசைக் கணினிக்கு ஒன்று என்று பிரிக்காமல், எதிலும் சமரசம் இல்லாத ஒரே அமைப்பு என்ற கொள்கையை முன்வைத்தார். கூடவே, விண்டோஸ் 7 பயனர்களிடமிருந்து ஒப்புதலோடு திரட்டிய பயன்பாட்டுத் தரவுகள், விஸ்டாவுடன் ஒப்பிட்டால் ஸ்டார்ட் மெனு திறக்கப்படுவது 11 விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டின. அடிக்கடி வேண்டியவற்றை மக்கள் டாஸ்க்பார் எனப்படும் கீழ்ப்பட்டையில் பொருத்திக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே மெனுவின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது முற்றிலும் பொருளற்றது என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் எண்ணிக்கையை அளந்தவர்கள் தேவையை அளக்கவில்லை. பேருந்து நிலையத்தில் தினமும் வந்துபோகும் பயணி விசாரணை அறைப் பக்கமே திரும்ப மாட்டார். அவருக்கு எந்த நடைமேடையில் எந்த வண்டி நிற்கும் என்று தெரியும். அங்கே நின்று கேட்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள் என்று கணக்கெடுத்து அந்த அறையை இடித்துவிட்டால், முதன்முறையாக ஊருக்கு வருபவரும், வழக்கமான வண்டி வராத நாளில் பழகிய பயணியும் எங்கே போவார்கள்? ஸ்டார்ட் மெனு அப்படிப்பட்ட இடம்தான். டாஸ்க்பாரில் பொருத்தாத ஒன்றைத் தேடும்போதும், எதை எங்கே வைத்தோம் என்று மறந்தபோதும் போய் நிற்பதற்கு ஓர் இடம்.

தொடுதிரைக் கருவியில் இதே வடிவமைப்பு நன்றாகவே இயங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையில் பிடித்திருக்கும் டேப்லெட்டில் கட்டைவிரல் இயல்பாகவே திரையின் ஓரத்தில்தான் இருக்கும். ஓரத்திலிருந்து உள்நோக்கித் தடவினால் பட்டை வருவது அங்கே பொருந்துகிறது. மவுஸுக்கு ஓரம் என்ற உணர்வு கிடையாது. மூலையில் மோதி நிற்பதால் மூலைகளை அடைவது எளிது என்ற வடிவமைப்பு விதி உண்மைதான், ஆனால் அது ஒரே திரையில், முழுத்திரையில் வேலை செய்பவருக்குத்தான் பொருந்தும். இரண்டு திரைகளை அருகருகே வைத்திருப்பவருக்கு மூலையில் நிற்க வேண்டிய சுட்டுமுனை அடுத்த திரைக்குத் தாவிவிடும். இதைத் தடுக்க, திரைகள் சந்திக்கும் மூலைகளில் சில பிக்சல் அளவுக்குச் சுட்டுமுனையைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாட்டை அவர்களே சேர்க்க வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து இன்னொரு கணினியை ஒரு சன்னலுக்குள் திறந்து இயக்குபவரின் நிலை இதைவிட மோசம். அந்தச் சன்னலின் மூலை எதிலும் மோதாது. இங்கேதான் எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்று வருகிறது. நிறுவனங்களின் மையக் கணினிகளான சர்வர்களுக்காக 2012 செப்டம்பரில் வெளியான விண்டோஸ் சர்வர் 2012-க்கும் இதே டைல் திரையையும் இதே மறைமூலைகளையும் கொடுத்தார்கள். குளிரூட்டிய அறைக்குள் பூட்டிவைத்து, பெரும்பாலும் தொலைவிலிருந்தே இயக்கப்படும் ஒரு சர்வரை எந்த விரல் வந்து தொடப் போகிறது?

அடுத்த சிக்கல் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற நிலை. பழைய டெஸ்க்டாப்பும் இருந்தது, புதிய டைல் உலகமும் இருந்தது. இரண்டுக்கும் இடையே பயனர் தூக்கியெறியப்பட்டுக்கொண்டே இருந்தார். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இரண்டு வடிவங்களில் இருந்தது. அமைப்புகளில் பாதி கண்ட்ரோல் பேனலிலும் மீதி புதிய செட்டிங்ஸிலும் கிடந்தன. டெஸ்க்டாப்பில் ஒரு புகைப்படத்தையோ பிடிஎஃப் கோப்பையோ இருமுறை அழுத்தினால், வேலை செய்துகொண்டிருந்த சன்னல்கள் எல்லாம் மறைந்து, கோப்பு முழுத்திரையை அடைத்துக்கொண்டு திறக்கும். விலைப்பட்டியலைப் பார்த்துப் பார்த்து எக்செல்லில் எண்களை உள்ளிடும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பயன்படுத்தும் எளிமை குறித்த ஆய்வில் மூத்தவரான ஜேக்கப் நீல்சன் 2012 நவம்பரில் அனுபவமுள்ள 12 பயனர்களைக் கொண்டு சோதித்து எழுதிய விமர்சனத்தில், பல சன்னல்களைக் குறிக்கும் பெயரை உடைய மென்பொருள் ஒற்றைச் சன்னலாகச் சுருங்கிவிட்டது என்ற பொருளில் கேலி செய்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத பட்டையைப் பயனர்கள் மறந்தே போகிறார்கள் என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார். என் வகுப்பறையில் கண்டதும் அதுதான்.

மாற்றத்துக்கு அஞ்சினார்கள் என்ற வாதத்துக்கு வருகிறேன். இதே மக்கள் எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7-க்கு முணுமுணுப்பின்றி மாறினார்கள். தொடுதிரையை வெறுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. என்னிடம் மவுஸைப் பிடிக்கவே ஒரு வாரம் கற்றவர்கள், தொடுதிரைக் கைப்பேசி வாங்கிய மறுநாளே யாருடைய உதவியும் இல்லாமல் அதை இயக்கினார்கள். கைப்பேசியில் கண்ணுக்குத் தெரிந்ததைத் தொட்டார்கள், வெளியே வர வேண்டுமானால் கீழே ஒரு பொத்தான் இருந்தது. ஐபேடிலும் அப்படித்தான். வழி தவறியவர் வீடு திரும்ப, தடவினால் தட்டுப்படும் ஒரு பொத்தான் இருந்தது. மேலும், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் பிரிவில் சந்தைப்படுத்தல், நிதிப் பொறுப்புகளை வகித்த டாமி ரெல்லர், 10 கோடி உரிமங்கள் விற்றுவிட்டதாக 2013 மே மாதம் அறிவித்த அதே நாள்களில், கற்றுக்கொள்வதில் சிரமம் இருப்பது உண்மைதான், அதைச் சரிசெய்ய வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டார். செய்தவர்களே ஒப்புக்கொண்ட பிறகு பயனரின் மனநிலையைக் குறை சொல்வதில் பொருள் இல்லை.

எல்லா எதிர்ப்பும் நியாயமானது என்றும் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 8 வேகமாகத் தொடங்கியது, வைரஸ் தடுப்பு உள்ளேயே வந்தது, கோப்புகளை நகலெடுக்கும்போது வேகத்தை வரைபடமாகக் காட்டியது, டாஸ்க் மேனேஜர் முதன்முறையாகப் பாமரருக்கும் புரியும்படி இருந்தது. கூச்சலில் இவையெல்லாம் காணாமல் போயின. நான்கூட மூன்று வாரங்களில் பழகிவிட்டேன். ஸ்டார்ட் திரையில் எதையும் தேடாமல் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினாலே வேண்டியது வந்துவிடும் என்று தெரிந்த பிறகு பழைய மெனுவை நான் நினைக்கவில்லை. ஆனால் நான் பழகியது எனக்குப் பயன்பட்டதே தவிர, என் மாணவருக்குக் காட்டுவதற்குப் பயன்படவில்லை. கணினி விளையாட்டுகளை உருவாக்கி விற்கும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் 2012 ஜூலையிலேயே விண்டோஸ் 8-ஐப் பேரழிவு என்று வருணித்தது வேறொரு கவலையால். மைக்ரோசாஃப்டின் சொந்த ஸ்டோர் வழியாகவே மென்பொருள்கள் விற்கப்படும் நாள் வந்துவிடுமோ என்பது அவரைப் போன்றவர்களின் அச்சம். அதைத் தொடுதிரை விவாதத்தோடு கலந்து பேசியதால்தான் எதிர்ப்பு உண்மையைவிடப் பெரிதாகத் தெரிந்தது. லினக்ஸ் உலகிலும் அதற்கு முந்தைய ஆண்டில், 2011 ஏப்ரலில் வந்த குனோம் 3, உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் யூனிட்டி ஆகிய புதிய திரை முகப்புகளுக்கும் இதே போன்ற வசவுகள் கிடைத்தன. ஆனால் அங்கே பிடிக்காதவர் வேறொரு முகப்புக்கு மாறிக்கொள்ள முடிந்தது. விண்டோஸில் அந்த வசதி இல்லாததால், கிளாசிக் ஷெல், ஸ்டார்ட்8 போன்று பழைய மெனுவைத் திருப்பித் தரும் மென்பொருள்களை மக்கள் தேடிப் போனார்கள்.

பிறகு நடந்தது பின்வாங்கல்தான். விற்பனை தொடங்கி மூன்று வாரங்கள்கூட ஆகாத நிலையில் சினோஃப்ஸ்கி நிறுவனத்தை விட்டு விலகினார். 2013 அக்டோபர் 17 அன்று வந்த விண்டோஸ் 8.1, மூலையில் பொத்தானைத் திரும்ப வைத்தது. அழுத்தினால் மெனு வரவில்லை, டைல் திரைதான் வந்தது. 2014 ஏப்ரல் 8 அன்று வந்த மேம்பாடு ஸ்டார்ட் திரையில் கணினியை அணைப்பதற்கான பொத்தானையும், செயலிகளின் தலைப்பில் மூடும் குறியையும் சேர்த்தது. எக்ஸ்பிக்கான ஆதரவு நிறுத்தப்பட்டதும் அதே நாளில்தான் என்பதைத் தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன். மெனு முழுமையாகத் திரும்பியது 2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10-இல்.

இடைப்பட்ட மூன்று ஆண்டுகளுக்கு என் பாடக்குறிப்பின் முதல் வரியை மாற்ற வேண்டியிருந்தது. திரையில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் விசைப்பலகைக்குப் போனேன். மைக்ரோசாஃப்ட் 1994-இல் தன் விசைப்பலகையில் அறிமுகப்படுத்திய, சன்னல் படம் போட்ட விசையை அழுத்தினால் எங்கே இருந்தாலும் ஸ்டார்ட் திரைக்குத் திரும்பிவிடலாம். அந்த விசையின் மீது சிறு வட்ட வண்ணத்தாளை ஒட்டிவைத்து, "வழி தெரியாவிட்டால் இதை அழுத்துங்கள்" என்று தொடங்கினேன். விரலை நீட்டிக் காட்டுவதற்கு மீண்டும் ஓர் இடம் கிடைத்தது. இப்போது விண்டோஸ் 11-இல் ஸ்டார்ட் பொத்தான் கீழ்ப்பட்டையின் நடுவுக்கு நகர்ந்திருக்கிறது. அதே மையத்தில் பாடம் எடுக்கும் என் முன்னாள் மாணவி சென்ற மாதம் தொலைபேசியில் பேசும்போது, பழைய குறிப்பில் மூலை என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு நடு என்று எழுதிக்கொண்டதாகவும், வகுப்பில் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றும் சொன்னார்.