டிரிஃப்ட் ஓடிய காரை விற்பது: கடிதம்

அன்புள்ள அண்ணா,

தென்னாப்பிரிக்காவில், டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 2004 நிசான் 350இசட் இருக்கிறது. ஐந்து வருடமாக டிரிஃப்டுக்கென்றே, அதாவது வளைவில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு ஓட்டுவதற்கென்றே, தயார் செய்த வண்டி. பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலை (டிஃப்) வெல்டு செய்திருக்கிறேன். ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக், முன்சக்கரம் அதிகமாகத் திரும்ப ஆங்கிள் கிட், பக்கெட் சீட், ஏர்பேக் இல்லாத ஸ்டியரிங் எல்லாம் உண்டு. முதல் எஞ்சின் போய்விட்டது, ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சின் ஒன்றை மாட்டினேன். அடுத்த மாதம் குழந்தை பிறக்கிறது, அதனால் விற்கிறேன். “டிரிஃப்ட் என்று வாயைத் திறக்காதே, பாதி விலைக்குக் கேட்பான். கழுவி பாலிஷ் போட்டு நிறுத்து” என்கிறார் அப்பா. நான் ஓட்டுவதை அவர் ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை. செலவு செய்த பணமாவது திரும்புமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும்.

அப்பா கவலைப்படுவது புரிகிறது. ஆனால் மறைத்து விற்காதீர்கள். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதுதான் டிஃபின் வேலை. வெல்டு அடித்துவிட்டால் பின்சக்கரம் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும், ஏதாவது ஒரு டயர் தரையில் இழுபட்டே ஆக வேண்டும். டிராக்கில் நமக்கு வேண்டியது அதுதான்: மிதித்ததும் இரண்டும் சேர்ந்து பிடியை விடும். ஜனவரி மழையில் ஹிகின்சன் ஹைவேயை விட்டு இறங்கும்போது அதே டிஃப் என்ன செய்யும்? இது எதுவும் தெரியாத ஒரு பையன் கொஞ்சம் அதிகமாக மிதித்தால் பின்பக்கம் வெளியே போய்விடும். அவன் முன்னால் ஏர்பேக்கும் இல்லை.

எனக்கு இது வெறும் பேச்சு இல்லை. பல வருடம் முன்பு சாட்ஸ்வொர்த்தில் ஒரு பழைய வண்டி வாங்கினேன். கண்ணாடி மாதிரி பளபளத்தது. மூன்றாவது வாரம் அடியில் டக் டக் என்று சத்தம். மேலே தூக்கிப் பார்த்தால் சஸ்பென்ஷன் பூட்டிய இடத்தில் விரிசல், அதன்மேல் தார் மாதிரி கறுப்புப் பூச்சு. அதுவரை தினமும் என் மகள் பின்சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனாள். விற்றவருக்கு அந்த விரிசல் தெரியும். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வண்டியைத் திரும்ப ரோட்டுக்கு ஏற்றதாக ஆக்குவதென்றால் நல்ல டிஃப் வேண்டும், பழைய ஸ்டியரிங்கும் ஏர்பேக்கும் வேண்டும், கேபிள் ஹேண்ட்பிரேக் வேண்டும். ஹைட்ராலிக் லீவரை நம்பி மேட்டில் நிறுத்த முடியாது, அழுத்தம் மெல்ல இறங்கிவிடும். இத்தனைக்கும் செலவழிப்பதைவிட, டிரிஃப்ட் ஓட்டுகிற ஒருவருக்கே விற்றுவிடுங்கள் என்பேன். நீங்கள் மறைக்க நினைப்பதற்குத்தான் அவர் காசு கொடுப்பார். வெல்டு எப்போது அடித்தது, முன் சஸ்பென்ஷனில் டென்ஷன் ராட் புஷ் (ரப்பர்) எப்போது மாற்றியது, சுவரில் எங்கே இடித்தது என்று கேட்பார். எல்லாவற்றையும் எழுதியே கொடுத்துவிடுங்கள். கழற்றிய பழைய பார்ட்ஸ் கராஜில் கிடந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

போட்ட பணம் திரும்பாது. மாட்டிய சாமானின் விலையைக் காரின் விலையோடு கூட்டாதீர்கள், யாரும் தரமாட்டார்கள். நல்ல ரிம்மையும் சீட்டையும் தனியாக விற்றால் கொஞ்சம் மீளும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு இதுதான் பெரிய கவலை. எஞ்சின் மாற்றியதைப் பதிவில் ஏற்றினீர்களா? அதே வகை எஞ்சின்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வகை ஒன்றுதான், ஆனால் எண் வேறு. காகிதத்தில் ஒரு எண்ணும் எஞ்சினில் வேறு எண்ணும் இருந்தால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம்தான் வரும், வாங்கியவர் தலையில் விடியும். எஞ்சின் வாங்கிய ரசீதைத் தேடி எடுங்கள், போலீஸ் கிளியரன்ஸ் வாங்கிப் பதிவில் எண்ணை மாற்றுங்கள். விளம்பரம் அப்புறம் போடலாம்.

விற்ற அன்றே உரிமை மாற்ற நோட்டீஸை லைசன்ஸ் ஆபீஸில் நீங்களே கொடுத்துவிடுங்கள். வாங்கியவர் தன் பெயருக்குப் பதிய 21 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் வரும் ஃபைன் உங்கள் பெயருக்கு வரக் கூடாது. பணம் அனுப்பிய சீட்டைப் போனில் காட்டினால் சாவியைக் கொடுக்காதீர்கள், போலிச் சீட்டு எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறது. உங்கள் கணக்கில் பணம் வந்து நிற்க வேண்டும். முன்பின் தெரியாதவரைத் தனியாக ஓட்டிப் பார்க்கவும் விடாதீர்கள்.

விற்பதற்கு முன்னால் போர்ட் ஷெப்ஸ்டனில் டெஸ்ஸி ரேஸ் டிராக்குக்கு ஒருநாள் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள். யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், வாங்க வருகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார். அன்றைக்கு அப்பாவையும் கூட்டிப் போங்கள்.

அன்புடன்,
அண்ணா