லேபர் ரூமில் ஒருவருக்குத்தான் இடம் என்றால்…

கேள்வி: எனக்கு 28 வயது. முதல் பிரசவம், ஏழாம் மாதம் நடக்கிறது. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டி வருகிறேன். வலி வரும்போது கூடவே இருக்க டூலா (பிரசவத் துணைக்கென்று பயிற்சி பெற்றவர்) ஒருவரை வைத்துக்கொள்ள ஆசை. “நாங்கள்லாம் யாரை வெச்சுப் பெத்தோம்?” என்கிறார் அம்மா. மாமியாரோ, டூலாக்கள் வீட்டிலேயே பிரசவம் பார்க்கும் கூட்டம் என்று பயப்படுகிறார். லேபர் ரூமில் ஒருவரைத்தான் விடுவோம் என்று மருத்துவமனையில் சொல்கிறார்கள். கணவர் எதுவும் பேசவில்லை, முகம்தான் வாடிவிட்டது. என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஓர் இளம்பெண் இறந்துபோனார். பக்கத்து ஊரில் நடந்தது, அவருக்கு மறந்திருக்காது. ஆனால் நீங்கள் கேட்பது வேறு விஷயம் என்று அவருக்கு யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும். டூலா பிரசவம் பார்ப்பவர் இல்லை. உள்பரிசோதனை செய்ய மாட்டார், குழந்தையின் இதயத்துடிப்பு பார்க்க மாட்டார், மருந்து தர மாட்டார். அதெல்லாம் டாக்டர், நர்ஸ் வேலை. இடுப்பை அழுத்திப் பிடிப்பது, பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது, எழுந்து நடக்க வைப்பது, தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் ஞாபகப்படுத்துவது, ‘இது இப்படித்தான் இருக்கும், பயப்படாதே’ என்று சொல்லிக்கொண்டே இருப்பது, இவைதான் டூலாவின் வேலை. ஷிஃப்ட் முடிந்தால் நர்ஸ் மாறிவிடுவார், டூலா இருப்பார்.

இதனால் பலன் உண்டா? உண்டு. பிரசவம் முழுக்க ஒருவர் விடாமல் கூட இருந்தால் என்ன ஆகிறது என்று 26 ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவங்களைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை ஒன்று 2017-ல் வந்தது. அப்படித் துணை இருந்தவர்களுக்கு சிசேரியன் குறைவாக இருந்தது, வலி நேரமும் கொஞ்சம் குறைந்தது, பிரசவத்தைப் பற்றிக் கசப்பாகப் பேசியவர்களும் குறைவு. ஆனால் டூலா வந்தால் சுகப்பிரசவம் நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படி விளம்பரம் செய்பவரிடம் பணம் கட்டாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இதை மனதில் வைத்தே பேசி முடியுங்கள்: ஆபரேஷன் தியேட்டருக்குள் டூலாவைப் பெரும்பாலும் விட மாட்டார்கள், அப்போது கட்டணம் என்ன ஆகும்? அன்றைக்கு அவருக்கே காய்ச்சல் என்றால் யார் வருவார்?

பெரிய சிக்கல் அந்த ‘ஒருவர்’ விதிதான். ஒரே நேரத்தில் இரண்டு பேர் கூடாது என்பதும், கடைசிவரை அந்த ஒருவர்தான் என்பதும் வேறு வேறு. ரிசப்ஷனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வரும். டாக்டரிடமே கேளுங்கள். மாறி மாறி வரலாம் என்று அவர் சொன்னால், அதை உங்கள் ஃபைலில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நடு ராத்திரி டியூட்டி நர்ஸிடம் ‘மேடம் சரின்னு சொன்னாங்க’ என்று வாதாடிக்கொண்டிருக்கும் நிலை யாருக்கும் வேண்டாம். டூலாவையும் ஒரு செக்கப்புக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் அறிமுகப்படுத்துங்கள். இருவரும் ஐந்து நிமிடம் பேசுவதைப் பார்த்தாலே உங்களுக்குப் பாதி புரிந்துவிடும். டாக்டர் ட்ரிப்ஸ் போடச் சொன்னால் ‘வேண்டாம்னு சொல்லிடுங்க’ என்று காதில் ஓதும் டூலா உங்களுக்கு உதவ மாட்டார். ‘எதுக்குன்னு கேட்டுக்கலாமா?’ என்று உங்களைக் கேட்க வைப்பவர் நல்லவர். வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி போட்டுக்கொள்ள நினைத்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிப்பவர் வேண்டாம்.

கடைசிவரை ஒருவர்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டால்? கணவரிடம் நேராகக் கேளுங்கள், ‘உள்ளே வர இஷ்டமா, பயமா இருக்கா?’ என்று. முகத்தைப் பார்த்து நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். வர ஆசைப்படுகிறார், ரத்தத்தைக் கண்டு தலைசுற்றுகிற ஆள் இல்லை என்றால், என் ஓட்டு அவருக்குத்தான். டூலாவை அதற்கு முன்பே பயன்படுத்திக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். முதல் பிரசவத்தில் ஆரம்ப வலி பல மணி நேரம் இழுக்கும். வந்தது சூட்டு வலியா நிஜ வலியா என்று சீரகத் தண்ணீர் குடித்துக் காத்திருக்கும் அந்த நேரத்தில் டூலா வீட்டுக்கு வரலாம். ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ யார் என்ன சொன்னாலும் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

கணவர் தயங்கினால் டூலாவை உள்ளே அனுப்புங்கள். அதில் அவர் வருத்தப்பட ஒன்றுமில்லை, வெளியேயும் ஆயிரம் வேலை இருக்கிறது.

உங்கள் அம்மா கேட்டதற்கு வருகிறேன். உங்கள் பாட்டி வீட்டில் பெற்றிருந்தால் மருத்துவச்சியும் இரண்டு அத்தைமார்களும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் அம்மா மருத்துவமனையில் பெற்றபோது அந்த அத்தைமார்கள் கதவுக்கு வெளியே நின்றிருப்பார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உறவுக்காரப் பெண் ஒருவரை லேபர் வார்டுக்குள் விடும் திட்டமே 2004 வாக்கில்தான் வந்தது. 2016-ல் மத்திய அரசும் இதை எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. ஆக, ‘யாரை வெச்சுப் பெத்தோம்’ என்பது உங்கள் அம்மா விஷயத்தில் நிஜமாகவே இருக்கலாம். அந்த ராத்திரி எப்படி இருந்தது என்று அவரையே கேட்டுப் பாருங்கள். இதுவரை யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டபிறகும் டூலா வீண் செலவு என்றுதான் சொல்வார் என்றால், சரி, பணம் உங்களுடையது, நீங்கள் முடிவு செய்யுங்கள்.

பேச்சையெல்லாம் எட்டாம் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். வளைகாப்பு அலைச்சலுக்குப் பிறகு இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது.